காற்று எடுக்க இரண்டு பேர்

மைசூர் ரிங் ரோடு ஓரத்தில் கனகாவின் தண்ணீர் டிராக்டர் மறுபடியும் நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்று. இந்த வாரம் இது எத்தனையாவது தடவை என்று மெக்கானிக் ஜடையன் கேட்கவில்லை. தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டுக்காரர்கள் அவளுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார்கள்.

பழைய வண்டி. காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஃபில்டர் ஸ்குரூவைத் திறந்து வைக்க, எஞ்சினுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் கைப்பம்பை அடிக்க வேண்டும். ‘போதும்’ என்று குரல் கேட்கும்வரை விடக் கூடாது. போன மழைக்காலத்தில் சாகும்வரை அது கனகாவின் புருஷன் விஜய்குமாரின் வேலை. மூன்று அடி அடிப்பான், கொஞ்சம் நிறுத்துவான், மறுபடி மூன்று.

ஜடையன் ஸ்குரூவைத் திறந்து, கனகா அந்தப் பக்கம் நிற்கிறாள் என்று நிமிராமலே, “அடி கண்ணு” என்றார். பம்புச் சத்தம் கேட்டது. முதலில் நுரை வந்தது, பிறகு டீசல் சுத்தமாக வந்தது. போதும் என்று சொல்ல நிமிர்ந்தார். கனகா இரண்டு டீயோடு சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

எஞ்சினுக்கு அந்தப் பக்கம் இன்னும் மூன்று அடி. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி மூன்று.

கனகா அதைக் கேட்டபடி டயரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“போதும்னு சொல்லிராதீங்ணா. கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.”

ஜடையன் டீயை வாங்கிக்கொண்டார். டீசல் மண்ணில் வழிந்துகொண்டிருந்தது.