சிரங்கை உப்பு

"ஓடியாங்கலே! மனுவேலு கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!"

பகவதி போட்ட சத்தத்தில் தேகப்பயிற்சிக் கூடமே திரண்டுவிட்டது. ராஜதுரை தூக்கிப் பழகும் உப்புச் சாக்கின் வாய் அவிழ்ந்து கிடந்தது. உள்ளே மனுவேலின் கை.

புதுத் துறைமுகத்தில் கல் இறக்கும் இளவட்டங்களின் கூடம் அது. இரும்பு எடை வாங்க வக்கில்லை. கம்பியின் இரண்டு பக்கமும் உப்புச் சாக்கைக் கட்டித்தான் பயிற்சி. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல் இரும்பு வருகிறது. அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாப் போட்டிக்கு ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராஜதுரை, இல்லையென்றால் மனுவேல்.

"உப்ப அள்ளி எடையக் குறைக்கான் அண்ணாச்சி!" என்றான் பகவதி, கூடம் நடத்தும் பொன்னுதுரையிடம். "ராஜதுரை இதத் தூக்கிட்டு, ஞாயித்துக்கெழம இரும்புல மண்ணக் கவ்வணும். அதான் திட்டம்!"

ராஜதுரைக்கு முகம் செத்துவிட்டது. போன வருஷம் நூறு கிலோ தூக்கும்போது கம்பி நழுவித் தோளில் விழுந்தது. தோள் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. நூறு என்று காதில் விழுந்தாலே முழங்கால் நடுங்கும். பாவம், தொண்ணூறோடு நின்றுவிட்டான்.

"போன மாசம் கனமா இருக்குன்னேன். கடல்லருந்து அடிக்குத கொண்டக்காத்துல உப்பு ஈரம் குடிச்சிருக்கு, சும்மா தூக்குலேன்னு இவந்தான் சொன்னான். இந்த வாரம் லேசா இருக்கேன்னு சந்தோசப்பட்டேனே! பாவி, ஒண்ணாக் கஞ்சி குடிச்சவன் செய்யுத வேலையாலே இது?"

மனுவேல் கையை உருவிக்கொண்டான். திருட்டு முழி வேறு.

"தராசுல வைங்கலே" என்றார் பொன்னுதுரை.

உப்பு மூட்டை அடுக்கும் பக்கத்துக் கிட்டங்கிக்குக் கம்பியும் சாக்குமாகத் தூக்கிப் போனார்கள். முள்ளைப் பார்த்த பகவதி கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

நூற்று மூன்று கிலோ!

"ஏலே, காலையில இத மூணு தடவ தூக்குனியேலே!" என்றார் பொன்னுதுரை.

ராஜதுரை தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். நடுங்கவில்லை.

"ஒன்றரை மாசமா தெனம் பக்கத்துக்கு ஒரு சிரங்கை உப்ப அள்ளிப் போட்டேன்" என்றான் மனுவேல். "சொன்னா நீ தூக்க மாட்ட."

"கிறுக்குப் பயலே! சும்மா இருந்திருந்தா நீ போயிருக்கலாம்லா?"

"நீ பயந்து ஒதுங்குன எடத்துல போயி நான் நிக்கவா? தோக்கதுன்னா, தூக்குதவன்கிட்டயே தோத்துட்டுப் போறேன்."

 ராஜதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்கு எம்புட்டுல நிக்கி?" என்று கேட்டான்.

"தொண்ணூத்தஞ்சு."

ராஜதுரை குனிந்து இரண்டு கை நிறைய உப்பை அள்ளினான். நேராக மனுவேலின் சாக்கண்டை போய் அதன் வாயை அவிழ்த்தான்.

"ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் நாலு நாள் கெடக்கு. வந்து தூக்குலே!"