ஆறாவது படி

தன் கிணற்றுத் தண்ணீருக்குப் பின்னக் கணக்கு அத்துப்படி, தப்பாகக் கூட்டினால் நின்று முறைக்கும் என்று டீக்கடையில் சூடமேற்றாத குறையாகச் சத்தியம் செய்தார் பொன்னுரங்கம். தங்கை புருஷனும் கிணற்றுப் பங்காளியுமான காத்தமுத்து மட்டும் சிரித்தான். கிணற்றின் ஆறு படிக்கட்டு ஆழத் தண்ணீரில் பாதி பொன்னுரங்கத்துக்கு, மூன்றில் ஒன்று காத்தமுத்துவுக்கு. மிச்சம், போன மாதம் செத்த பொன்னுரங்கத்தின் தம்பி, நாலு விரல் வெள்ளையனுக்கு. அவன் பெண்சாதி செல்லாயியின் கத்தரி நாற்று அந்த மிச்சத்தை நம்பித்தான் நின்றது.

"அரையும் மூணுல ஒண்ணும். மேல கூட்டினா ரெண்டு, கீழ கூட்டினா அஞ்சு. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து அஞ்சுல ரெண்டுதான் மச்சான். பாக்கி அம்புட்டும் செத்தவனுக்கா? நானே பாய்ச்சிக்கிறேன்," என்றான் காத்தமுத்து.

"என் அரையே அதைவிடப் பெருசாச்சே மாப்ளே! எனக்கு மூணு படி, உனக்கு ரெண்டு. மிச்சம் ஒரே படி. அதுல கை வைக்காத, வெள்ளையன் விடமாட்டான்."

தண்ணீர் ஐந்து படி இறங்கியும் காத்தமுத்து மோட்டாரை நிறுத்தவில்லை. பட்டப்பகல்தான். ஆனாலும் அவன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. போய்ப் பார்த்தால், அவன் வெட்டிவிட்ட மடை ஈரச்சேற்றால் அடைபட்டிருந்தது. வெட்டினான். திரும்புவதற்குள் மறுபடி அடைபட்டது. சேற்றில் அழுத்திய உள்ளங்கைத் தடம், நாலே விரல். தண்ணீர் செல்லாயியின் நாற்றுக்குள் சலசலத்தது.

கிணறு வற்றியதும் கடைக்கு வந்தான். வாங்கிய டீயைக் குடிக்கவில்லை.

"மிச்சம் ஆறுல ஒண்ணுதான் மச்சான்," என்றான். "அவனே பாய்ச்சிட்டுப் போனான்."