வேதப் புத்தகத்தில் இரண்டு சீட்டு

சுதந்திரம் வந்த பிறகும் கம்யூனிஸ்ட் வேட்டை ஓயவில்லை. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கூட்டத்தை விட்டுத் தப்பி வந்த ஆசீர், புக்கிட் காதில் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்தில் ஒளிந்திருந்தான். சொந்த ஊரான காஜா பெராங்கில் அவனைப் பெற்றவர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன் இருக்கிற இடத்தை ஸ்டேஷன்ல சொல்லிடுவோம். சரணடைஞ்சா உயிரோட விட்டுருவாங்களாம்," என்றார் வேதமுத்து.

"சுட்டுட்டாங்கன்னா என்னங்க செய்றது?" என்றாள் எஸ்தர்.

"சரி, ஆண்டவர்கிட்டயே கேட்போம்."

ஒரு சீட்டில் 'சொல்', இன்னொன்றில் 'சொல்லாதே' என்று எழுதி, மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, ஜெபத்துக்கு முன் கைகால் கழுவப் போனார்.

திரும்பி வந்ததும் இருவரும் முழங்காலிட்டார்கள். ஜெபம் முடிந்து வேதமுத்து ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுன்னு வந்திருக்கு, எஸ்தர்."

சீட்டைக் கசக்கி அடுப்பில் போட்டார். எஸ்தர் வாயைத் திறந்தாள். பிறகு வேதப் புத்தகத்தை எடுத்து மூடி வைத்தாள்.

மறுநாள் ஆசீரைப் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள். ஓடப் பார்த்தானாம்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் வேதமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவர் சித்தம், எஸ்தர். நம்ம கையில என்ன இருக்கு?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு வேதப் புத்தகத்தைத் திறந்தாள். மிச்சமிருந்த சீட்டைப் பிரித்தாள். 'சொல்லாதே' என்றிருந்தது.

அன்று அவர் கைகால் கழுவப் போன நேரத்தில், இரண்டு சீட்டையும் எடுத்துவிட்டுத் தானே வேறு இரண்டு எழுதி வைத்திருந்தாள். அடுப்பில் எரிந்த சீட்டிலும் அவள் 'சொல்லாதே' என்றுதான் எழுதியிருந்தாள்.