ஆறாவது கோடு

அச்சுக்குள் எட்டுக் குழிகள். உருகிய பிளாஸ்டிக் பாயும்போதெல்லாம் ஒவ்வொரு குழியின் அழுத்தமும் திரையில் ஒரு கோடாக எழும். எட்டும் உச்சியில் சற்று நின்று சேர்ந்தே இறங்கும். அச்சு திறந்ததும் எட்டு விசில்கள் விழும். ஆறாவது கோடு மட்டும் எப்போதும் பிந்தித்தான் வரும். அது உச்சியைத் தொடும்வரை, மெஷின் ஓட்டும் அமலோற்பவம் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

"ஆறாம் நம்பர் விசில் ஊதுனா சத்தமே வரல. அந்தக் குழிய அடைச்சிடலாம்க்கா," என்றான் சூப்பர்வைசர் தனசீலன்.

"மெதுவா வருது தம்பி. ஆனா வந்துடுதுல்ல?"

அவன் கேட்கவில்லை. அந்தக் குழிக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு மெஷினை ஓட்டினான். அதன் பங்கையும் வாங்கிக்கொண்டு ஏழு கோடுகள் முன்னைவிட உயரமாக எழுந்தன. ஆறாவது தரையிலேயே கிடந்தது. பழக்கதோஷத்தில் அமலோற்பவம் மூச்சைப் பிடித்தாள். ஆறாவது கோடு மெல்லத் தலைதூக்கியது.

"சென்சார் கோளாறு," என்று அவன் ஒயரைப் பிடுங்கினான். கோடு நிற்கவில்லை. மற்ற ஏழும் இறங்கி, அச்சு திறந்து, ஏழு விசில்கள் விழுந்த பிறகும் அது ஏறிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, மூச்ச விடுங்க."

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். உச்சிக்கு இன்னும் ஒரு விரற்கடைதான். நெஞ்சு தாங்காமல் அவள் உதடுகள் பிரிந்தன. கோடு நடுங்கியது.

பிடுங்கிய ஒயர் கையில் தொங்க, தனசீலன் ஆழமாக மூச்சை இழுத்து, வாயை இறுக மூடிக்கொண்டான்.