இருபது வருடம் காத்திருந்த வரிசை

வங்கிகள் எப்படிக் கவிழ்கின்றன என்று இருபது வருடமாக ஆராயும் பேராசிரியர் குமுதாவுக்கு, அன்று மலேசியாவில் தன் ஊரான ஈப்போவிலேயே அதைக் கண்ணால் பார்க்கும் யோகம் அடித்தது. மழை விட்டதும் பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துவிட்டு அவ்வழியே திரும்பினார். இன்னும் திறக்காத வங்கியின் வாசலில் நீண்ட வரிசை! குறிப்பேடும் கையுமாகக் கடைசி ஆளிடம் ஓடினார்.

“எதுக்குத் தம்பி அவசரமா காச எடுக்குறீங்க?”

“முன்னால நிக்கிற அக்கா எடுக்கப் போறாங்களே!”

அந்த அக்கா தனக்கு முன்னால் நின்றவரைக் காட்டினார். இப்படியே கேட்டுக்கொண்டு பேராசிரியர் முதலில் நின்ற ஸ்டானிஸ்லாஸிடம் வந்து சேர்ந்தார்.

“உங்களுக்கு யாருண்ணே சொன்னது?”

“யாரும் சொல்லல லா. பேங்க் விழுறதப் பத்தி டிவியில பேசுற நீங்களே காலையில மொத ஆளா வந்து நின்னீங்களே!”

“ஐயோ அண்ணே, நான் மழைக்கு ஒதுங்குனேன் லா!”

வரிசையில் ஒருவரும் நகரவில்லை.