கூட வந்தவங்க யாரு?

“தினம் ஒரு மாத்திரையா கொண்டு வந்து கொடுக்க இது என்ன விளையாட்டா பெரியவரே? வீட்டுல இன்னும் எத்தனை இருக்கு?”

கவுன்ட்டர் கம்பிக்குப் பின்னாலிருந்து புது பார்மசிஸ்ட் குரலை உயர்த்தியே கேட்டாள். அவள் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. நாலு நாளும் காலை பத்து மணிக்கு இதே பெரியவர், இதே சலவைச் சட்டை, கையில் காகிதத்தில் மடித்த ஒரே ஒரு மாத்திரை.

“இருக்கும்மா... இன்னும் கொஞ்சம்” என்று இழுத்தார் அவர்.

“கொஞ்சம்னா?”

பெரியவர் பொட்டலத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். அவளுக்குத் திக்கென்றது.

புற்றுநோயில் போன அவர் மனைவிக்கு வலி தாங்கக் கொடுத்த மார்ஃபின் மாத்திரைகள் அவை என்று முதல் நாளே அவர் சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தால் இங்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு பேர் எண்ணிப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, தண்ணீரில் கரைத்து அழிக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் மனிதரிடம் அதை விட்டுவைப்பது மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்கிற வேலை. போதாக்குறைக்கு நாளைக்கு இன்ஸ்பெக்டர் வேறு சோதனைக்கு வருகிறார்.

“இன்னைக்கே போய் மொத்தத்தையும் எடுத்துட்டு வந்துடுங்க. இந்தக் கணக்கை இன்னையோட முடிச்சாகணும்.”

பெரியவரின் விரல்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டன. “முடிச்சிட்டா அப்புறம் நான் எதுக்கும்மா இங்க வரணும்?”

“எதுக்கு வரணும்?”

“இங்கதான் மைக்குல அவ பேரைச் சொல்லி, ‘கூட வந்தவங்க யாரு?’ன்னு கேக்கறாங்க. நானும் எந்திரிச்சு, ‘நான்தான்’னு வர்றேன். வீட்டுல அவ பேரை எடுத்தாலே மகன் பேச்சை மாத்திடறான். அப்பா அழுதுடுவாருன்னு பயம் அவனுக்கு. முப்பத்தெட்டு வருஷம் அவகூட வந்தவன்மா நான். அதைச் சொல்லிக்க எனக்கு வேற இடம் இல்ல.”

அவளுக்கு மனசு இளகியது. ஆனால் சட்டத்துக்கு மனசு ஏது? அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து தலைமை பார்மசிஸ்ட் வந்தார்.

ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் ‘கறார் சார்’ என்றுதான் பெயர். காலி ஊசிக் குப்பி கைக்கு வராமல் அடுத்த குப்பியைக் கண்ணில் காட்ட மாட்டார். பெரிய சர்ஜனே வந்து நின்றாலும் அதே கதைதான். காலை எட்டு மணிக்கு, ஹாலில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், மைக்கைத் தட்டி ஏதோ ஒரு பெண் பேரைச் சொல்லி, ‘கூட வந்தவங்க யாரு?’ என்று கேட்டு, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். மைக்கைச் சோதிப்பதில்கூடக் கறார்தான் என்று முதல் நாளே அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

இப்போது பெரியவருக்கு நல்ல டோஸ் விழப்போகிறது என்று பயந்தாள்.

“போய் பெஞ்சுல உக்காருங்க. கூப்பிடறேன்” என்றார் கறார் சார்.

பெரியவர் போய் உட்கார்ந்தார். மைக்கில் அவர் மனைவியின் பெயர் கணீரென்று ஒலித்தது. “கூட வந்தவங்க யாரு?”

“நான்தான்!” சட்டையை நீவிவிட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார் பெரியவர். கறார் சார் பொட்டலத்தை வாங்கி, ஒரு நீல நோட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

“நாளைக்கு வாங்க.”

பெரியவர் தலை மறைந்ததும் அவள் பொரிந்து தள்ளினாள். “என்ன சார் இது? நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டா நான் என்ன சொல்றது?”

“உன் சாவியை எடும்மா.”

அது இரட்டைப் பூட்டு அலமாரி. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று அவளிடம். திறந்து, சிவப்புப் பதிவேட்டைப் புரட்டி அவள் முன் வைத்தார். பெரியவர் மனைவியின் பக்கம். திரும்ப வந்தவை இருபத்தாறு மாத்திரைகள். எண்ணி, கரைத்து, இரண்டு கையெழுத்தும் போட்டிருந்தது. இருப்பு, இல்லை. தேதி மூன்று மாதத்துக்கு முந்தியது.

“அவங்க போன மூணாம் நாளே மொத்தத்தையும் கொண்டு வந்து கொடுத்துட்டார். மறுநாள் பாத்தா, அதே பெஞ்சுல உக்காந்திருக்கார். கையில ஒரு கால்சியம் மாத்திரை. கடையில வாங்கினது.”

“அப்போ... உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?”

“நான் கேட்டதில்ல. அவரும் சொன்னதில்ல.”

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் அடித்தது. அவர் உள்ளே போனார்.

இந்தக் கறார் மனுஷருக்குள் இப்படி ஒரு ஈரமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நீல நோட்டை எடுத்தாள். பெரியவருக்கென்றே ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாரே!

ஆனால் பெரியவர் மனைவியின் பெயர் நோட்டின் நடுவில்தான் தொடங்கியது. முதல் பக்கத்தின் தேதி ஐந்து வருஷத்துக்கு முந்தியது. அங்கிருந்து வரிக்கு வரி, நாள் தவறாமல், காலை எட்டு மணி என்று போட்டு வேறொரு பெண்ணின் பெயர். நாலு நாளாகக் காலி ஹாலில் அவள் கேட்ட அதே பெயர்.

ஒவ்வொரு வரியிலும், ‘கூட வந்தவர்’ என்ற கட்டத்தில், கறார் சாரின் கையெழுத்து இருந்தது.