சவுரி முடி

"அவ கட்டியிருக்கிற பொடவை என்னுது, ஹசீனா. அந்தச் சவுரி முடியும் என்னுது. இத்தன வருஷமா பாஞ்சாலியா நான் நின்ன எடத்துல இப்ப அவ நிக்கிறா!"

பாகூர் நாடக விழாவில், மேடையைப் பார்த்து முன்வரிசையில் கிளம்பிய புகைச்சல் இது.

"நல்லாத்தானே ஆடறாங்க?" என்றாள் பக்கத்து வீட்டு ஹசீனா.

"ஏன் ஆடமாட்டா? ஒரே வூட்டுல இருந்துக்கிட்டு, என் வசனத்தையெல்லாம் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டா. விசில் சத்தத்தப் பாரு. எனக்குக்கூட இவ்ளோ வந்ததில்ல."

கூத்து முடிந்ததும் வேஷத்தைக் கலைக்காமலே ஓடிவந்தாள் கஸ்தூரி.

"ஏங்க, எப்படி ஆடினேன்?"

அதுவரை ஹசீனாவிடம் புகைந்துகொண்டிருந்த பச்சையப்பன் மீசையை முறுக்கினார். பாஞ்சாலி வேஷத்தை இந்த வருஷம் பெண்தான் கட்டவேண்டும் என்று விழாக்காரர்கள் சொன்ன அன்றிலிருந்து வளர்க்கிற மீசை.

"சவுரி நழுவிச்சு. வேற இன்னா சொல்றது?"

"அப்ப நாளைக்கு வில்லியனூர் ஆட்டத்துக்கு நீங்களே கட்டி வுடுங்க."

மறுநாள் காலையில் கஸ்தூரி கண்விழித்தபோது, பச்சையப்பன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். சவுரி அவர் தலையில் இருந்தது. மீசையைக் காணோம்.